மலையைப் பார்த்து ஓடிய இழைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு பாலத்தைத் தூளியாக்கிய ஆள்.

பயப்படாதீர்கள், நிஜப் பாலம் இல்லை. கணினிக்குள் இருந்த பாலம். நெதர்லாந்தில் நான் வேலை செய்கிற கம்பெனி, கால்வாய்களின் மேல் போடுகிற சின்னச் சின்ன நடைபாலங்களைக் கண்ணாடியிழையில் வார்த்துக் கொடுக்கிறது. மிதிவண்டிகளும், நாய்களும், நாய்கள் இழுத்துக்கொண்டு போகிற ஓய்வுபெற்ற மனிதர்களும் கடப்பதற்கான பாலங்கள். போன அக்டோபரில் அப்படி ஒன்றின்மேல் கணினியில் ஒரு கூட்டத்தை ஏற்றிப் பார்த்தேன். பாலம் பிள்ளையைப் போட்ட தூளி மாதிரி நடுவில் தொங்கி, கால்வாய்த் தண்ணீரில் முதுகை நனைத்துக்கொண்டது.

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் தன் கணக்கைத் திரும்பப் பார்ப்பான். நான் தொழிற்சாலைக்கு மின்னஞ்சல் போட்டேன். வார்ப்பை நிறுத்துங்கள், ஆபத்து. சிவப்பு எழுத்தில். தலைப்பிலேயே மூன்று ஆச்சரியக்குறி. பிசின் கலக்கத் தயாராக நின்ற ஆட்கள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்கள். பக்கத்து மேசை அன்னெக்கெ எழுந்து வந்து என் திரையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு, குழந்தையிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"சேகர், இழைகளையெல்லாம் ஏன் குறுக்கே ஓட விட்டிருக்கிறாய்?"

தப்பு என்னுடையதுதான். ஆனால் முழுவதும் என்னுடையது இல்லை என்பது என் வாதம். பாதிப் பொறுப்பைக் கல்வராயன் மலைதான் ஏற்கவேண்டும். அதை யார் மேற்கே போய் உட்காரச் சொன்னது?

அந்த வாரம் எனக்குப் பாலத்தைப் பற்றிய கவலையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவலையெல்லாம் என் மகள் எழிலைப் பற்றி. நான் இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது, அதைச் சொந்த ஊர் கச்சிராயபாளையத்தில் போய்க் கொண்டாடவேண்டும், டிசம்பர் விடுமுறைக்கு மூன்று பேரும் போகலாம் என்று அறிவித்திருந்தேன். எழில், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அடுத்த வருஷம் அவளுக்குப் பதினெட்டு. அதற்கப்புறம் அவளை எங்கேயும் கூட்டிப்போக எனக்கு அதிகாரம் கிடையாது. இந்தத் தடவை வராவிட்டால் இனி எப்போதும் வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அந்தக் கலக்கத்தில்தான் இழைகள் குறுக்கே ஓடின என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். உண்மை அதைவிடக் கேவலமானது.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. என் விஜயா அக்கா, "கம்பூட்டர்ல பிளாஸ்டிக்கு பாலம் கட்றான்" என்று கச்சிராயபாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இருபது வருஷத்தில் நானே இதைவிடத் தெளிவாக யாருக்கும் சொன்னதில்லை. ஆனாலும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாலத்துக்குள் மலை எப்படி வந்தது என்று புரியாது.

கரும்பு தின்றிருப்பீர்கள். அதற்குள் நீளவாக்கில் நார்கள் ஓடும், நார்களுக்கு நடுவே மெத்தென்ற சதை. பல்லால் பட்டையை உரித்தால் நீளமாகக் கிழிந்துகொண்டு வரும். அதே நாரை அதன் போக்கிலேயே பிடித்து இழுத்து அறுக்கப் பாருங்கள், கைதான் வலிக்கும். நாரின் போக்கில் பலம், நாருக்குக் குறுக்கே பலவீனம். என் தொழிலின் ஞானம் மொத்தமும் இவ்வளவுதான். நாருக்குப் பதிலாகத் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடியிழை, சதைக்குப் பதிலாக இறுகிப்போகிற பிசின். இந்த இரண்டும் சேர்ந்த பொருள் பாரம் ஏற்றினால் எப்படி வளையும், எப்படி நெளியும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள்.

ஒரு பாலத்துக்குள் இருக்கிற இழைகளையெல்லாம் வரைய ஆரம்பித்தால் கணினிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் ஒரு தந்திரம் வைத்திருக்கிறோம். கடுகைவிடச் சின்னதாக ஒரு கனசதுரத்தை மட்டும் கணினிக்குள் உண்டாக்கி, அதற்குள் இழைகளை நிஜத்தில் இருப்பது போலவே தாறுமாறாக நிறுத்துவோம். உரசிக்கொண்டு சில, ஒதுங்கிச் சில, சங்கராபுரம் டவுன் பஸ்ஸில் நிற்கிறவர்களைப் போல. பிறகு அந்தக் கனசதுரத்தை ஒவ்வொரு பக்கமாக இழுப்போம், அழுத்துவோம், கோணலாகத் தள்ளுவோம். எந்தப் பக்கம் எவ்வளவு கொடுக்கிறது என்று பார்த்துக்கொண்டு, "பாலம் முழுக்க இதேதான், திரும்பத் திரும்ப இதேதான்" என்று கணினியிடம் சொல்லிவிடுவோம். பாவம், அது நம்பிவிடும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. கனசதுரம் ரொம்பச் சின்னதாக இருந்தால் பொய் சொல்லும். நாலு இழை நெருக்கியடித்து நிற்கிற மூலையை எடுத்துக்கொண்டால் உலகமே இரும்பு என்று சொல்லும். பிசின் மட்டும் தேங்கிய மூலை மாட்டினால் உலகமே கூழ் என்று சொல்லும். முழுப் பொருளுக்கும் பொறுப்பேற்கிற அளவுக்கு அது பெரிதாக இருக்கவேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைப் பற்றி நான் தனியாக ஒரு வகுப்பே எடுக்கிறேன். ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொள்வார்கள். நானும் என் குரலைக் கேட்டு ரசித்துக்கொள்வேன்.

3

இப்போது மலைக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் வீட்டுக்குள் யாராவது இடது, வலது என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. "டேய், அந்தச் சொம்ப கெழக்கால நவுத்து, கால்ல தட்டுது" என்பாள் அக்கா. "தெக்கால தள்ளிக் குந்து, காத்து வரட்டும்" என்பாள். முடிவெட்டுகிறவர் தலையை வடக்கால திருப்பச் சொல்லுவார். ஒருமுறை அக்கா கள்ளக்குறிச்சியில் பல் டாக்டரிடம் போய், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வலிப்பது தெற்குப் பக்கத்துக் கடைவாய்ப்பல் என்று சொன்னாள். அவரும் நம் பக்கத்துக்காரர். நாற்காலி கிடந்த வாக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரியான பல்லைத்தான் பிடுங்கினார்.

இதில் என்ன அதிசயம்? தெருவில் எங்கே நின்றாலும் மேற்கே நீலமாக மலை தெரியும். மறைந்திருந்தாலும் அது அங்கே இருப்பது முதுகுக்குத் தெரியும். அந்த முதுகோடு நான் மலையே இல்லாத ஒரு நாட்டுக்கு வந்துசேர்ந்தேன். இங்கே மேட்டுக்குப் பெயரே நெடுஞ்சாலைப் பாலம்தான். வந்த புதிதில் தினமும் தொலைந்துபோனேன். வழி கேட்டால் லெஃப்ட்டில் போ, ரைட்டில் திரும்பு என்பார்கள். நான் நடுரோட்டில் நின்று, சாப்பிடுகிற கை எது என்று யோசித்து, பிறகு திரும்புவேன். அதற்குள் சிக்னல் மாறிவிடும்.

வேலையில் மட்டும் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. கணினியில் எதை வரைந்தாலும் அதற்கு மூன்று திசை கொடுப்போம். ஒன்று, இரண்டு, மூன்று. உலகத்துக்கு அவை வெறும் எண்கள். எனக்கு ஒன்று என்றால் மலை. இரண்டு என்றால் சங்கராபுரம் பக்கம், அதாவது வடக்கு. மூன்று வானம். இழைகள் திசை ஒன்றின் போக்கில் ஓடவேண்டும் என்பது தொழிலின் பொது வழக்கம். நான் அவற்றை மனசுக்குள் "மலையப் பாத்து ஓடுங்க" என்று சொல்லி அனுப்புவேன். பழைய ஆபீசில் நான் தெற்கு பார்த்து உட்கார்ந்திருந்தேன். திரையில் பாலம் இடவலமாகக் கிடக்கும். அது எனக்குக் கிழக்கு மேற்கு. இழைகள் மலையைப் பார்த்து ஓடினால் பாலத்தின் நீளத்தில் ஓடும். இத்தனை வருஷமும் ஒரு தப்பு வந்ததில்லை.

போன செப்டம்பரில் ஆபீஸ் வேறு கட்டடத்துக்கு மாறியது. புது இடத்தில் என் மேசை மேற்கு பார்த்துக் கிடந்தது. திரையில் பாலம் எப்போதும் போல இடவலமாகத்தான் கிடந்தது, ஆனால் இப்போது அது தெற்கு வடக்கு. மலையோ திரைக்குப் பின்னால் போய்விட்டது. நான் வழக்கம்போல இழைகளை மலையைப் பார்த்து ஓடச் சொன்னேன். விசுவாசமான இழைகள். பாலத்தின் நீளத்தை விட்டுவிட்டு, அதன் அகலத்தைக் குறுக்கே தாண்டி, கல்வராயன் மலையைத் தேடிக்கொண்டு ஓடின. நீளத்தில் தாங்குவதற்கு ஒரு இழை மிச்சமில்லை. தூளி தொங்கிற்று.

நெதர்லாந்திலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை கிழக்கில்தான் இருக்கிறது என்று யாரும் எனக்கு எழுதவேண்டாம். எழில் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

கம்பெனியில் தப்பு நடந்தால் காரணத்தைப் பதிவுசெய்யவேண்டும். கணினியில் மூன்று கட்டம் வரும். தரவுத் தவறு, மென்பொருள் கோளாறு, கவனக்குறைவு. மலைக்குக் கட்டம் இல்லை. அதனால் கூட்டத்தில் வாயால் சொல்லவேண்டி வந்தது. பலகையில் எங்கள் தெரு, ஊரையொட்டிய கோமுகி அணை, மலை எல்லாம் வரைந்து டச்சு மொழியில் விளக்கினேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கடைசியில் மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படியானால் உன் மேசையைத் திருப்பிப் போட்டால் போதுமா?" என்றார். நாலு பேர் சேர்ந்து தூக்கித் தெற்கு பார்த்துப் போட்டார்கள். மறுநாள் காலை வந்து பார்த்தால், மேற்குச் சுவரில் யாரோ ஒரு மலைப் படத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். அது சுவிட்சர்லாந்து மலை. போகட்டும். நல்ல மனசோடு செய்தது.

4

எழில் என்று பேர் வைத்ததும் என் அறிவுதான். ழகரம் வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பதிவு செய்தேன். டச்சுக்காரர்கள் அதை வாசித்தால் அவர்கள் மொழியில் கழுதைக்கு என்ன சொல்வார்களோ கிட்டத்தட்ட அது வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடுவார்களா? நாலாம் வகுப்பிலேயே அவள் தன்னை லில் என்று மாற்றிக்கொண்டுவிட்டாள். இன்றைக்கு அவளை எழில் என்று கூப்பிட உலகத்திலேயே நானும் என் மனைவி பூங்கொடியும் விஜயா அக்காவும்தான் பாக்கி.

தமிழ் பேசுவாள். வீட்டில் நாங்கள் பேசுகிற தமிழ். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் "இன்னா டீச்சர்?" என்று கேட்டு இரண்டு முறை வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறாள். அதிலிருந்து வகுப்புக்கும் முழுக்குப் போட்டுவிட்டாள்.

ஊருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்குக் காரணம் வைத்திருந்தாள். கடைசியாக ஒன்பது வயதில் வந்தவள்.

"நான் அங்க பார்சல் மாரிப்பா. சேர்ல ஒக்கார வெச்சிடுவீங்க. எல்லாரும் வந்து தொட்டுப் பாப்பாங்க. இன்னா கிளாஸு, சாப்ட்டியா, எங்க ஊரு புடிச்சிருக்கா. யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க."

"இந்தவாட்டி அப்பிடி இருக்காது கண்ணு."

"நீ அங்க போனா உன் ஃபிரெண்ட்ஸோட போய்க்கினே இருப்ப. நான் சேர்லயே இருப்பேன்."

உண்மை.

பாலம் தூளியான அன்றைக்கு, சாப்பாட்டு மேசையில் கதையைச் சொன்னேன். பூங்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். எழில் சிரித்தாள். வாரக்கணக்காக எங்களோடு சிரிக்காதவள், சாம்பார் மூக்கில் ஏறும்படி சிரித்தாள். பிறகு திடீரென்று போனை எடுத்தாள்.

"கண்ண மூடு. எழுந்திரு."

தோளைப் பிடித்துச் சமையலறை நடுவில் என்னைச் சுற்றிவிட்டாள். மேற்கைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். போனில் திசைகாட்டியைப் பார்த்தாள். சரியாக இருந்தது. மாடிக்கு இழுத்துப்போய்ச் சுற்றினாள். அங்கேயும் காட்டினேன். குளியலறையிலும் காட்டினேன்.

"இது எப்பிடி? அங்க எல்லாரும் இப்பிடித்தானா?"

"உங்க அத்தை வூட்டு நாய்கூட" என்றேன். பெருமையில் கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

"எனக்கு லெஃப்ட் ரைட்டே போதும்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். ஆனால் போனவள் திரும்பி வந்தாள். பள்ளியின் கடைசி வருஷத்தில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஏதாவது ஒன்றை ஆராய்ந்து கட்டுரை எழுதவேண்டும். அவள் இன்னும் தலைப்பு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். இதையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு ஒரு குதி குதித்தது. அடுத்த வார்த்தையில் அடங்கியது.

"அத்தை, கோபி, இன்னொருத்தர். மூணு பேரு போதும். வீடியோ கால்லயே பண்ணிடுவேன்."

கோபி, அக்காவின் மகன். இந்த இடத்தில்தான் என் தொழில் கைகொடுத்தது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, புதியவர்களுக்கு எடுக்கிற அதே வகுப்பை எடுத்தேன். கனசதுரம் சின்னதாக இருந்தால் பொய் சொல்லும் எழில். ஒரு வீட்டை மட்டும் சோதித்துவிட்டு ஊருக்கே முடிவு சொல்ல முடியாது. தெரு வேண்டும், பஸ் ஸ்டாண்டு வேண்டும், வயசானவர்கள், சின்னவர்கள், ஆம்பளை, பொம்பளை, எல்லாம் கலந்து வேண்டும். வீடியோவில் யார் கண்ணைக் கட்டுவது? யார் சுற்றிவிடுவது?

இரண்டு நாள் யோசித்தாள்.

"சரி, வரேன். டெஸ்ட் பண்ணத்தான். வேற எதுக்கும் இல்ல."

"பொண்ணு சொந்தத்தப் பாக்க வர்லியாம், சாம்பிள் எடுக்க வருதாம்" என்றாள் பூங்கொடி, அவள் மாடிக்குப் போனதும்.

"வருது இல்ல? வுடு."

அவள் இந்தியா வருவதற்கான ஆவணத்தைப் புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போனது தனிக் கூத்து. தகப்பனார் பிறந்த மாவட்டம் என்ன என்று கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் தென்னாற்காடு, பழைய பாஸ்போர்ட்டில் விழுப்புரம், இப்போது கள்ளக்குறிச்சி. ஏன் மூன்று இடத்தில் பிறந்தீர்கள் என்று ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் கேட்கவில்லை, ஆனால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நான் அங்கயேதான் பொறந்தேங்க. மாவட்டந்தான் மாறிக்கினே இருக்குது" என்றேன். எழில் பக்கத்தில் நின்று போனில் ஏதோ குறித்துக்கொண்டாள். அப்பாவின் நம்பகத்தன்மை பற்றி என்று நினைக்கிறேன்.

5

முதல் சோதனை விஜயா அக்காவுக்கு. போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே, அக்கா இட்லித் தட்டோடு நிற்கும்போதே, எழில் டவலோடு போய் நின்றாள்.

"இன்னாடி இது? இந்த வயசுல என்னியக் கண்ணாமூச்சி ஆட வெக்கிற?"

"ரெண்டு நிமிசந்தான் அத்த."

அக்காவைச் சுற்றுவது சுலபமில்லை. மாவு மூட்டையைச் சுற்றுவது போல எழில் மூச்சு வாங்கினாள். சுற்றி நிறுத்தியதும் அக்கா கண்கட்டோடு கையை நீட்டினாள். மிகச் சரியாக மலை.

"மேக்கு எங்கியும் போவலடி. அங்கதான் கெடக்குது. இப்ப இட்லி துண்றியா?"

தெருவில் அன்றைக்கு யாரும் அவள் டவலுக்குத் தப்பவில்லை. மாட்டுக்குப் புல் கொண்டுவந்தவர், தையல்கடைக்காரர், கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த பெண்கள், எல்லோரும் வரிசையில் நின்று கண்ணைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் மலையைக் காட்டினார்கள். நான் பின்னால் கைகட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி நின்றேன். எழில் முகத்தில் ஏமாற்றம். எல்லாரும் சரியாகச் சொன்னால் கட்டுரையில் எழுத ஒன்றும் இருக்காதாம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு நல்ல காலம் பிறந்தது. டீக்கடைக்காரர் அவள் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பாய்லரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, மேக்கத் தொலைச்சிட்டியா?"

"இல்லீங்க, உங்ககிட்ட இருக்கான்னு பாக்க வந்தேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குப் புரை ஏறியது. அவள் பதிலுக்குப் பதில் சொல்கிறாள் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டினார்கள். பெரியவர்கள் பலரும் சரி, காலேஜ் பையன்கள் பாதிப் பேர் தப்பு. கோபி பைக்கில் பார்சல் கொடுக்கிற வேலை பார்க்கிறான், போன் சொல்கிற வழியில்தான் போவான். அவன் தைரியமாகத் தெற்கைக் காட்டினான். அன்று ராத்திரி அக்கா அவனுக்குச் சோறு போடும்போது கரண்டியால் மலைப்பக்கம் காட்டி, "இதாண்டா மேக்கு, எரும" என்று சொல்லிச் சொல்லிப் போட்டாள்.

அக்காவும் ஒருநாள் சறுக்கினாள். பூங்கொடிக்குப் புடவை எடுக்க ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். மூன்று மாடி, ஏசி, சுவரெல்லாம் கண்ணாடி, பகலிலேயே விளக்கு. எழில் அங்கேயே டவலை எடுத்துவிட்டாள். அக்கா காட்டியது வடக்கு. கட்டை அவிழ்த்ததும் அவள் முகம் சுருங்கிப்போனது.

"இன்னா கட இது? கொஞ்சம் சூரியன உள்ள வுடச் சொல்லு. அப்பறம் கேளு."

"பரவால்ல அத்த. இதுதான் எனக்கு வேணும்" என்று எழில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நானும் பூங்கொடியும் பஸ்ஸின் பின்சீட்டில் புடவை மூட்டைகளோடு, யாரும் பிரிக்காத பார்சல்களாக வந்தோம்.

எழிலிடம் யாரும் என்ன வகுப்பு என்று கேட்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவள் முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறாளே. காலையில் யாராவது வாசலில் வந்து நின்று, "டெஸ்ட்டு வெக்கிற பாப்பா இருக்குதா?" என்பார்கள்.

6

மலை ஏறலாம் என்று யோசனை சொன்னது நான். உலகத்தில் என்னைவிட மலையைத் தெரிந்தவன் யார்? வெள்ளிமலை போகிற பஸ்ஸில் ஏறினோம். வளைவுக்கு வளைவு ஜன்னலில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், அடுத்த வளைவில் அது இது மாறிக்கொள்ளும். எழில் வாந்தி எடுக்காமல் இருந்தாள். நான்தான் எடுத்தேன்.

மேலே இறங்கியதும் சாக்கின்மேல் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் எழில் போய் மேற்கைக் கேட்டாள். அந்த அம்மாள் கையைக் காட்டாமல் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேக்கு எதுக்கு? எங்க போவணும், அதச் சொல்லு. மேலயா, கீழயா?"

எழிலுக்கு அந்தப் பதில் தேனாக இனித்தது. உட்கார்ந்து நிறையக் கேட்டாள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை எந்தப் பக்கத்திலும் இல்லை, காலுக்குக் கீழேதான் இருக்கிறது. பிறகு எழில் எழுந்துவந்து, "இப்ப நீ" என்று என் கண்ணைக் கட்டினாள்.

இரண்டு சுற்று. நின்றேன். முதுகைக் கேட்டேன். முதுகு முழு நம்பிக்கையோடு ஒரு பக்கம் சொன்னது. கையை நீட்டினேன். டவலை நானே இறக்கிப் பார்த்தால், என் விரலுக்கு நேரே, கீழே தூரத்தில் அணைத் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் கச்சிராயபாளையம். சுத்தமான கிழக்கு. பிறந்ததிலிருந்து எனக்கு மேற்காக இருந்த இடத்தின் மேலேயே நின்றுகொண்டு நான் கிழக்கைக் காட்டியிருக்கிறேன்.

சாமை அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். எழில் சிரிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் சோதனை நடக்கும்போது சிரிக்கமாட்டார்கள் போல.

"அப்பா, உன் கியூபு ஒரே ஒரு தெருப்பா" என்றாள். "அத வெச்சி நீ மொத்த ஊருக்கும் கணக்கு போட்டுட்ட."

நான் எடுக்கிற வகுப்பு, நான் சொல்கிற அதே வார்த்தை. இருபது வருஷமாக நெதர்லாந்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்க ஊர்ல எல்லாரும் இப்படி" என்று நான் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. அதில் எத்தனையோ எங்கள் தெருவையே தாண்டாதவை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் மலை இறங்கும்போது என் தோளில் சாய்ந்து அவள் தூங்கிப்போனாள், அதனால் வெட்கப்படுவதைத் தள்ளிவைத்தேன்.

7

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கோமுகி அணைக்கு நடந்து போனோம். பூங்கொடியும் அக்காவும் கரையில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கு நிறைந்த அணை. தண்ணீருக்கு அப்பால் மலை, மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சோதனை எல்லாம் முடிந்துவிட்டது, டவலைக்கூட அக்கா துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். எழிலுக்கு இனி இங்கே செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. என்னிடமும் அவளைக் கட்டியிழுத்து வர இன்னொரு சாக்கு மிச்சமில்லை.

அதனால் நேராகவே கேட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன். இரண்டு நாளாக மனசுக்குள் எழுதித் திருத்திய பேச்சு. தண்ணீரோரம் போய் நின்று, அவளைப் பார்த்துத் திரும்பி, இருபது வருஷம், இரண்டு ஊர், நார், பிசின், எல்லாவற்றையும் கோத்துச் சொன்னேன். தனித்தனியாக இருந்தால் வளைந்துபோகிற இரண்டும் சேர்ந்தால்தான் பாரம் தாங்கும் என்பதுவரை போய்விட்டேன். எழில் போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

"அடுத்த வருஷம் உனக்குப் பதினெட்டு ஆயிடும். நான் கூப்ட முடியாது. டெஸ்ட்டு கிஸ்ட்டு எதுவும் இல்லாம, சும்மா, நீயா வருவியா கண்ணு?"

அவள் போனை இறக்கவில்லை.

"அப்பா, கொஞ்சம் வடக்கால நவுரு, மலைய மறைக்கிற."